பக்கம் இருநூற்றுப் பதினான்கில் ஒரு கோடு

அரசு அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்த அந்த மனிதர், நாட்டின் வரவு செலவு அறிக்கையை இருபத்து மூன்று ஆண்டுகளாக முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை வாசித்து வந்தவர். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது என்பார். கேட்டவர்கள் அவரை அமுக்குளி என்று நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அவர்கள் வேலை செய்யும் முறை அப்படி. மூலப் பிரதியை ஒருவர் உரக்க வாசிப்பார். அச்சான தாளை மற்றவர் பார்த்துக்கொண்டே வருவார். தொகையைத் தொகையாக வாசிக்கும் வழக்கம் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு கோடி என்று வாசித்தால் மனம் அதன் பின்னால் போய்விடும், கண் ஏமாந்துவிடும். ஆகவே இலக்கம் இலக்கமாக வாசிப்பார்கள்: நான்கு, ஒன்று, இரண்டு. ஒதுக்கீடு இல்லாத கட்டத்தில் ஒரு சிறு கோடு இருக்கும். அதைக் "கோடு" என்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் பார்ப்பவர் "ம்" என்று சொல்லிப் பென்சிலால் ஒரு குறி இடுவார். பள்ளிக்கூடமும் பீரங்கியும் கடனுக்கான வட்டியும் ஒரே ராகத்தில் நகரும். மூலத்திலேயே தவறு இருப்பதாகப் பட்டால் கைவைக்கக் கூடாது. ஓரத்தில் வினாக்குறி போட்டு, பக்கத்து அறையில் அமர்ந்திருக்கும் நிதித்துறை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் திருத்தித் தருவார். அல்லது "பிரதிப்படி" என்று எழுதிக் கையெழுத்திடுவார். அதற்குமேல் பேச்சில்லை.

இவருக்கு எதிரே அமர்ந்து வாசித்த அம்மையாருக்கு அச்சகம் வைத்த பெயர் வாய்ப்பாடு. அந்த அம்மையார் ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. இவர் மட்டும் அவரை அக்கா என்று அழைத்தார்.

அறிக்கை வெளியாவதற்கு முந்தைய எட்டு நாள்களும் அச்சகத்தின் கதவுகள் பூட்டப்படும். உள்ளே போனவர்கள் உள்ளேயே உண்டு உறங்குவார்கள். கைப்பேசிகள் வாயிலில் ஒரு மரப்பெட்டிக்குள் போய்விடும். ஆறாம் நாள் மட்டும் வீட்டாரோடு மூன்று நிமிடம் பேசலாம். காவலர் ஒருவர் பக்கத்துத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் இயந்திரப் பிரிவுக்காரர் ஒருவர் தம் மைத்துனரிடம், "இன்னைக்கே வண்டிக்கு டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுடு" என்றார். அந்தக் கணமே இணைப்பு போயிற்று. அடுத்த வாரம் வேலையும் போயிற்று.

பிழைதிருத்துநரின் வீட்டில் மூன்று பேர்: அவர், அவர் மனைவி, அவருடைய தம்பி. தம்பி கட்டடங்களுக்கு வண்ணம் பூசியவன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்தான். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவனுக்குச் சொந்தமில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்காக மனைவி மருந்துக் கடை வேலையை விட்டார். கொழுந்தனைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னவரில்லை. கடையைப் பற்றி மட்டும் எப்போதாவது பேசுவார். எந்த மருந்து எந்த அடுக்கில் இருந்தது என்பதெல்லாம் இன்னும் அவருக்கு மறக்கவில்லை.

வீட்டுப் பராமரிப்பு உதவித்தொகைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்தார்கள். நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு சென்ற மாதம் கடிதம் வந்தது. அடுத்த நிதியாண்டு முதல், நிதி ஒதுக்கீட்டிற்கு உட்பட்டு, பணிப்பெண் ஒருவருக்கான சம்பளம் மாதந்தோறும் வழங்கப்படும். பிழைதிருத்துநர் கடிதத்தை இருமுறை வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அண்ணா, மாசாமாசம் நீ வரி கட்டற. அதை எனக்கே திருப்பித் தரப் போறாங்க. நடுவுல இத்தனை ஆபீஸ் எதுக்கு? நேரா எங்கிட்டயே குடுத்துடேன்" என்றான் தம்பி.

"குடுத்தா நீ ரசீது தருவியா?" என்றார் அண்ணன். தம்பி சிரித்தான்.

அதே வாரத்தில் மருந்துக் கடைக்காரர் மனைவியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். நம்பகமான பணிப்பெண் ஒருத்தியும் கிடைத்தாள். ஆனால், அவள் அப்போது வேலை செய்துகொண்டிருந்த வீட்டை விட்டுவிட்டு வர வேண்டும். இருவருக்கும் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலையில்தான், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இவர் அச்சகத்திற்குள் போனார்.

நான்காம் நாள் உணவுக்கூடத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் வழக்கமான பாட்டை எடுத்தார்.

"நம்ம சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ளயே வரிய புடிச்சுக்கறான். கடை வச்சிருக்கறவன் கைய விரிக்கறான், அவன விட்டுடறான். மாசச் சம்பளக்காரன்தான் இளிச்சவாயன். அந்தக் காச வாங்கி, பத்தாததுக்குக் கடனும் வாங்கி, உதவித்தொகைன்னு ஊருக்கெல்லாம் வாரி விடறான்."

"வாரி விடறதயும் நான்தான் வாசிக்கறேன், வட்டியயும் நான்தான் வாசிக்கறேன்" என்றார் வாய்ப்பாடு. "எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா வட்டிய வாசிக்கறப்பதான் மூச்சு வாங்குது. ரெண்டு இலக்கம் கூட."

"அப்போ கடன வாங்கினது யாரு?" என்றார் பைண்டர்.

"நீதான். நானுந்தான். கையெழுத்து மட்டும் வேற யாரோ போட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பிழைதிருத்துநரும் உதட்டை அசைத்தார். பைண்டரின் பாட்டை ஒரு காலத்தில் அவரும் பாடியவர்தான். ஒருமுறை, பத்திரிகையில் வந்த எண்களை வைத்துக்கொண்டு, தாம் வேலைக்குச் சேர்ந்தது முதல் கட்டிய வரி முழுவதையும் கூட்டிப் பார்த்தார். நாடு தன் கடனுக்கு ஆறு நொடியில் கட்டும் வட்டி அது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவர் பாடுவதை நிறுத்திக்கொண்டார். வாரி விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்த வரிசையில் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. பிற்பகல். மின்விசிறி தாள்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.

"எட்டு, ஒன்று, ஆறு" என்றார் வாய்ப்பாடு.

"ம்."

"வீட்டுப் பராமரிப்பு உதவித்தொகை. நடப்பு ஆண்டு, மூன்று, ஏழு. வரும் ஆண்டு, கோடு."

"ம்."

பென்சில் குறியிட்டது. அவர்கள் மேலும் ஏழு வரிகள் போனார்கள். எட்டாவது வரிக்கு "ம்" வரவில்லை. வாய்ப்பாடு தலைநிமிர்ந்து பார்த்தார். பிழைதிருத்துநரின் பென்சில் மேல்நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா?"

"அக்கா, அந்தக் கோட்டு வரிய இன்னொரு தடவ வாசிங்க."

வாய்ப்பாட்டிற்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியும். மூலப் பிரதியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் மெதுவாக வாசித்தார். அப்போதும் அது கோடாகத்தான் இருந்தது.

"தட்டச்சுல விட்டுப்போயிருக்கும்பா. கேள்வி போடு."

அவர் வட்டமிட்டார், வினாக்குறி போட்டார். தாள் பக்கத்து அறைக்குப் போயிற்று. அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. வினாக்குறிக்குப் பக்கத்தில் சிறிய, தெளிவான கையெழுத்தில் "பிரதிப்படி" என்றிருந்தது. வாய்ப்பாடு எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் குடித்தார்.

"போலாமா?" என்றார் வாய்ப்பாடு.

"போலாம்க்கா."

மாலைவரை இன்னும் பதினெட்டுப் பக்கங்கள் முடித்தார்கள். அந்தப் பதினெட்டிலும் ஒரு பிழைகூடத் தப்பவில்லை.

மறுநாள் தொலைபேசி அறையில் காவலர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். மற்ற கையின் விரல் துண்டிக்கும் பொத்தானின்மேல் இருந்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. அவன் எப்படி இருக்கான்?"

"உங்க தம்பிக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார். முதுகுப் புண்ணு காஞ்சிடுச்சு." மனைவியின் குரல் வேகமாக வந்தது. "கடைக்காரர் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு. அந்தப் பொண்ணும் அங்க சொல்லிட்டு வரட்டுமான்னு கேக்குது. நாளைக்குத்தான் கடைசி. ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிடவா?"

காவலர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் நகம் வெட்டப்பட்டுச் சுத்தமாக இருந்தது.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது."

"சொல்லிடவா?"

"உன் இஷ்டம்" என்றார்.

"என்ன இப்படிப் பட்டும் படாம சொல்றீங்க? சரி, அங்க பக்கத்துல ஆள் இருப்பாங்க. நான் சொல்லிடறேன்."

மூன்று நிமிடத்தில் இன்னும் ஒரு நிமிடம் மீதி இருந்தது. தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கதவுகள் திறந்தன. அமைச்சரின் உரை பேருந்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதில் உதவித்தொகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை யாரும் அவையில் வாசிப்பதில்லை.

வீட்டு வாசலில் புதுச் செருப்பு ஒரு சோடி இருந்தது. நின்றுகொண்டே பார்க்கும் வேலைக்கு ஏற்ற, தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பு. அவர் தம் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். மனைவி துவாலை மடித்துக்கொண்டிருந்தார்.

"உதவித்தொகை வராது" என்றார் அவர். "அந்தத் திட்டத்துக்கு இந்த வருஷம் பணம் ஒதுக்கல."

மனைவியின் கை நின்றது. "யார் சொன்னா?"

"நான் படிச்சேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் புதன்கிழமை கேட்டேன்."

"ஆமா."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். இருக்கறது ஒரு சம்பளம்."

மனைவி அதை ஒரு கணக்குப்போல யோசித்தார். விடை சரியாக இருந்தது போலும். துவாலையை மடித்து முடித்தார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கடைக்காரரிடம் பேசிய குரல் எப்போதும்போலவே இருந்தது. பணிப்பெண்ணிடம் பேசும்போது மட்டும், "அந்த வீட்டுல மறுபடி கேட்டுப் பாரேம்மா" என்பதை மூன்று முறை சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் யாரோ பேசினார்கள். மனைவி கேட்டுக்கொண்டே நின்றார்.

"அண்ணி" என்று உள்ளறையிலிருந்து தம்பி கூப்பிட்டான். "மணி நாலு ஆச்சு."

இருவரும் போனார்கள். மனைவி தோளுக்குக் கைகொடுத்தார். அவர் இடுப்பையும் கால்களையும் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, தம்பியைச் சன்னல் பக்கம் புரட்டினார்கள்.

"என்னண்ணா, பட்ஜெட்ல எனக்கு ஏதாவது உண்டா?" என்றான் தம்பி, முகத்தைச் சன்னலுக்குக் காட்டியபடி.

"அப்பறம் சொல்றேன்" என்றார் அவர்.

மனைவி தலையணையைத் தம்பியின் முதுகுக்கு அணையாகச் செருகினார். பிறகு வாசலுக்குப் போய், புதுச் செருப்பை எடுத்து, வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார். ரசீது பெட்டிக்குள் இருந்தது. திருப்பிக் கொடுக்க ஏழு நாள் தவணை என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.