கதைக்க இடம் விடாத ஆட்டம்

சென்ட் லோரன்ட் பக்கத்துக் கிடங்கொன்றில் என்னோடு பெட்டி அடுக்கிய ஸ்டீவ் ஓர் அமெரிக்கன். 2006 உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்த நாட்களில் அவனைச் சீண்டுவதே என் வேலை. "கோல் விழாட்டி உங்கட ஆக்களுக்கு நித்திரை வந்திடும்" என்பேன்.

ஒருநாள் அவன் சிரிக்கவில்லை. "எங்கள் பேஸ்போல் அடிக்கடி நிற்கும். நானும் அப்பாவும் பேசியதே அந்த இடைவெளிகளில்தான். போன மாதம் அவர் செத்துப்போனார். உங்கள் ஆட்டத்தில் எப்போது பேசுவீர்கள்?"

நான் அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

சனிக்கிழமை வீட்டில் என் அப்பாவோடு மேட்ச் பார்த்தேன். கோல் விழுந்தால் சேர்ந்து கத்துவோம், அவ்வளவுதான். இடைவேளை வரை காத்திருந்து கேட்டேன்.

"அப்பா, எப்பிடி இருக்கிறியள்?"

"ஏன்டா, வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இல்லையப்பா."

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இரண்டாம் பாதி தொடங்கும்வரை இருவரும் விளம்பரம் பார்த்தோம்.