டேப்பக்கா நிறுத்திய ஆட்டம்

டேப்பக்காவுக்கு ஆட்டம் தெரியாது. பதினொரு வருஷமாகக் கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கூடை விழுந்தால் எத்தனை புள்ளி என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முட்டி. தரையில் சம்மணம் போட்டு, பெண்பிள்ளைகளின் முட்டிக்கும் கணுக்காலுக்கும் பிசகாமலிருக்க ஒட்டுத்துணி டேப் சுற்றுகிறவளுக்கு வேறென்ன கண்ணில் படும்? முகத்தை மறைத்துக் காலை மட்டும் காட்டினால் போதும், இன்னார் மகள் என்று சொல்லிவிடுவாள்.

வாரநாளில் எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் உதவியாளர் வேலை. பதினாறு வயசுப் பெண்கள் முட்டி வீங்கி வந்து படுப்பார்கள். "எப்பம்மா விழுந்த?" என்று கேட்பாள். "ஆட்டம் முடியப்போற நேரத்துலக்கா" என்பார்கள் முக்கால்வாசிப் பேர். யாரும் தள்ளியிருக்கமாட்டார்கள். சும்மா குதித்து இறங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

பயிற்சியாளர் தங்கமான மனுஷர், ஆனால் சொன்னதைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். திங்கள்கிழமை காலையில் பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லி எல்லோர் முட்டியையும் சோதிப்பார். எல்லோரும் பாஸ். தூங்கி எழுந்து வந்த காலைச் சோதித்து என்னத்தைக் கண்டாரோ! ஆட்டத்தின் நடுவே முட்டியில் கையூன்றிக் குனிந்தால் களைத்துவிட்டாள் என்று அந்தப் பெண் வெளியே, இது அவருடைய சட்டம். பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? மூச்சு வாங்கும்போதெல்லாம் மண்டிபோட்டு ஷூ லேஸ் கட்டுவார்கள். "நம்ம பிள்ளைங்க மாதிரி ஒழுங்கா லேஸ் கட்ட எந்த டீமுக்கும் வராது" என்று அவர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். டேப்பக்காவுக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொடுக்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்தான் சிரிப்பு வரவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர் நோட்டோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் படவேண்டுமென்று உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்த ஐந்தாம் நம்பர் நெட்டைப் பெண், டேப்பக்கா பெற்ற மகள். கடைசிப் பத்து நிமிஷத்தில் பாதிகூடப் போகவில்லை, அதற்குள் அவள் நாலு தடவை லேஸ் கட்டிவிட்டாள். பூனை மாதிரி இறங்குகிறவள் தொம் தொம்மென்று இறங்கினாள். வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது. டேப்பக்கா பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், அவள வெளிய எடுங்க. முட்டி உள்ள மடங்குது."

"அவளே நல்லாத்தான் இருக்கேங்கறா. பெத்தவங்களுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும், சும்மா உக்காருங்க."

சும்மா உட்காருவதா? பந்து கோட்டைத் தாண்டி உருண்டு நடுவர் விசிலடித்ததும், டேப்பக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, அஞ்சாம் நம்பருக்கு டேப் அவுந்துடுச்சு."

டேப் தொங்கினால் நடுவர் ஆடவிடமாட்டார். சரிசெய்யும்வரை வேறொருத்தி இறங்கவேண்டும். மகள் முறைத்துக்கொண்டே வந்து காலை நீட்டினாள்.

"எங்கம்மா அவுந்திருக்கு?"

டேப்பக்கா கத்தரிக்கோலை விட்டு நறுக்கென்று வெட்டினாள். "இப்ப அவுந்துடுச்சு."

தான் சுற்றிய டேப் ஒருநாளும் அவிழ்ந்ததில்லை என்பது ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் அடித்துக்கொண்ட பெருமை. அதையும் ஊர் முன்னால் போட்டுடைத்துவிட்டு, ஒரு நிமிஷ வேலையை ஆற அமர ஆறு நிமிஷம் செய்தாள். "என் வாழ்க்கையக் கெடுக்காதம்மா" என்று பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு அழுதது. டேப்பக்கா அவசரப்படவில்லை. கடைசி விசில் அடித்தபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

அணி ஜெயித்தது. மாநில அணிக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். நெட்டையை எடுக்கவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை மகள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பஸ் வந்தது. கம்பியைப் பிடித்துப் படியில் ஏறப்போனவள் காலைத் தூக்கமுடியாமல் நின்றுவிட்டாள்.

"அம்மா, கடைசியில என் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலம்மா. குதிச்சா தரை எப்ப வருதுன்னே தெரியல."

"இத அப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, கண்ணு?"

"சொன்னா யாரும்மா எடுப்பாங்க?"

எடுக்கமாட்டார்கள் என்று டேப்பக்காவுக்கும் தெரியும். மகளின் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி மேலே ஏற்றினாள். பிள்ளை நல்ல கனம். முட்டி இரண்டும் முழுசாக இருந்தன. அது போதும் என்று மனசு சொன்னது; மகளுக்குத்தான் அது போதாது.