ஏசுபாதத்தின் பெண்சாதி

மரியகுழந்தை விறகு பிளக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. சிராய் பறக்கும், வசவும் பறக்கும். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு விறகுக்கட்டு போடுவது அவள் பிழைப்பு. ஐம்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே வெட்டில் கட்டையை இரண்டாக்குவாள். இரண்டாவது வெட்டு கேட்கிற கட்டையைப் பெயர் வைத்துத் திட்டுவாள்.

அவள் கணவர் ஏசுபாதம் செத்து ஒரு வருஷம் ஆகிறது. குடியாத்தம் பக்கத்திலிருந்து நாற்பது குடும்பங்களை நடத்தியே இந்தத் தங்கவயலுக்குக் கூட்டி வந்தவர். சங்கம் வைத்தவர். சுரங்கத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் வாதாடித் தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் வாங்கித் தந்தவர். லைனில் பாதிப்பேருக்கு அவர் தகப்பன். மறுபாதி அவர் பெயரைக் கேட்டாலே காறித் துப்புகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜின் கம்பி அறுந்து ஐந்து பேர் செத்தார்கள். புதுக் கம்பி போடாமல் இறங்கமாட்டோம் என்று கேஜ் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாசலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்காரச் சொன்னவரே அவர்தான். மூன்றாம் நாள் துரை பங்களாவுக்குப் போய்வந்து, கம்பி மாற்றுகிறார்கள், இறங்குங்கள் என்றார். கம்பி மாறியது. ஆனால் பதினோரு பேரை வேலையிலிருந்து நீக்கி, சட்டி பானையோடு லைனைவிட்டுத் துரத்தினார்கள். அந்தப் பட்டியலுக்கு அவர் தலையாட்டியது பிறகுதான் தெரிந்தது. அதில் ஒருவன் சகாயம், மரியகுழந்தையின் தம்பி.

பதினோரு வீட்டைக் கொடுத்து நானூறு வீட்டைக் காப்பாற்றினேன் என்றாராம். அன்றிலிருந்து அவர் சாகும்வரை அவள் சோறு போட்டாள், பேசவில்லை.

அவரைப் புகழ வருகிறவர்களை அவள் உட்காரச் சொல்வதில்லை. “இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்றீங்க? எந்தம்பி பூதிகோட்டையில கூலிக்கு ஏர் ஓட்றான். அவங்கிட்ட போய்ச் சொல்லுங்க.” திட்டுகிறவர்களையும் விடமாட்டாள். “அந்த மனுசன் கொண்டாந்த தண்ணியக் குடிச்சிட்டுத்தான்டா பேசுற.”

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முற்றத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். இப்போதைய சங்கத் தலைவர் பர்னபாஸ் மாலை போட அழைத்தபோது முடியாது என்றாள். பதினோரு பேரையும் கூப்பிட்டிருக்கிறோம் என்று அவர் சொன்ன பிறகே வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி, எதிரே துரை. பர்னபாஸ் குழாயைப் பற்றிப் பேசினார், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். பதினோரு பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் சலசலப்பு. பூதிகோட்டையிலிருந்து நடந்தே வந்திருந்த சகாயத்தை இரண்டு பேர் மறித்து நின்றார்கள். துரை இருக்கிறார், இன்றைக்கு வேண்டாம் என்று பர்னபாஸ் அங்கிருந்தே கையசைத்தார்.

அவள் எழுந்தாள். கையிலிருந்த மாலையைப் பர்னபாஸின் கையில் திணித்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தாள், கூட்டம் விலகியது. மறித்தவர்களைத் தோளால் இடித்துத் தள்ளி, நாற்காலியைத் தம்பிக்கு முன்னால் போட்டாள்.

“குந்துடா.”

அவன் தயங்கினான். தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு, கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் காலடியில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.