நான் திருத்திய உலர் எடை

மகள் வெளியூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். மூடிய பெரிய தொட்டிகளில் பூஞ்சை வளர்த்துப் பெனிசிலின் எடுக்கும் இடம். உள்ளே பூஞ்சை எவ்வளவு வளர்ந்திருக்கும், இனி எவ்வளவு சர்க்கரை கேட்கும் என்று சமன்பாடுகள் போட்டுச் சொல்வது அவள் வேலை. சர்க்கரை மிஞ்சினால் பூஞ்சை மருந்து சுரப்பதைக் குறைத்துவிடுமாம். அவள் எழுதிய கணக்கை நம்பி ஒரு தொட்டியை ஓட்டுவது அதுதான் முதல் தடவை. பிசகினால் கணக்கையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு கல்யாணத்துக்காக அவள் மயிலாடியில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, சனிக்கிழமை காலையில் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. சர்க்கரையைக் கூட்டலாமா, உடனே சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். நான் போனைப் பார்த்து வாசித்தேன்; அவள் மடிக்கணினியில் பதிந்தாள். பக்கத்துப் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓடியது.

"எம்மா, இந்தச் சத்தத்துல கேக்கல, ஒறக்க வாசி. கிளாஸ்ல மார்க் வாசிக்க மாதிரி. திட்ட மட்டும் செய்யாத."

சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன். கடைசிப் பத்தி, பூஞ்சையை வடிகட்டிக் காயவைத்து நிறுத்துப் பார்த்த எடை. முப்பத்து மூன்று, முப்பத்தைந்து, முப்பத்தேழு. அடுத்து இருபத்தொன்பது என்று இருந்தது. வருடக்கணக்காகக் கணக்கு விடைத்தாள் திருத்துகிறவள் நான். வளர்கிற ஒன்று எடை குறையுமா? எழுதியவர் கை தவறிவிட்டது என்று நினைத்து, "முப்பத்தொன்பது" என்றேன்.

திரையில் வரைகோடு ஏறியது. போனில் கூட்டச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"உலர் எடை கொறஞ்சிருமோன்னுதான் பயந்தேன். பூஞ்சை இழை உடைஞ்சா கொறையும். நல்லவேளை, கொறையல."

"மக்கா, அது இருபத்தொன்பதுன்னுதான் இருந்துச்சு. நான்தான் மாத்தி வாசிச்சேன்."

"எதுக்கு?"

"தப்பா எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"நீ என்ன பரீட்சைப் பேப்பரா திருத்துக?"

அவள் தொழிற்சாலைக்கு இரண்டு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஒருவர் எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "எங்களுக்கும் சந்தேகந்தான் மேடம். நீங்க சொன்னதால சர்க்கரைக் குழாயத் திறந்துட்டோம். பத்து நிமிஷமாச்சு."

"மூடுங்க. உடனே மூடுங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "வேற எதையாவது மாத்தினியாம்மா?"

"இல்ல."

"நல்லா ஓர்மிச்சுப் பாரு."

ஓர்மித்துப் பார்க்கப் பார்க்க, எதையுமே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் போனில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பதிந்த அத்தனை எண்களையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து தானே தொடங்கினாள்.

மத்தியானம் தொட்டியிலிருந்து புது அளவு வந்தது. சர்க்கரை தேங்கவில்லை, தொட்டி தப்பித்தது. ஆனால் மேலதிகாரி போனில் அழைத்து, அவள் கணக்கில் என்ன கோளாறு என்று கேட்டார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கணக்குல ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "நான்தான் நம்பரத் தப்பா போட்டேன்."