ஹார்வி சாரின் இடது காது

1. முதல் நாள்

துபாய் ஸ்டூடியோவில் எனக்குக் கிடைத்த வேலை, கேமரா முன் உட்காருபவர்களின் சட்டையில் மைக் குத்துவது. ஊரில் பத்தாவது முடித்துவிட்டு மண்டபங்களில் ஸ்பீக்கர் கட்டியவன் நான். சவுண்ட் இன்ஜினியர் பஷீர் பாய் கீழக்கரைக்காரர். "ஆளத் தொடுறதுக்கு முன்னாடி கேட்டுக்க. சட்டைக்குள்ள கை போற வேலை," என்றார்.

எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. நிகழ்ச்சியை நடத்தும் ஹார்வி சாரின் இடப்பக்கம் ஒதுங்கி நின்று, "மே ஐ, சார்?" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். கையிலிருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் திமிர் என்று நினைத்தேன்.

"என்னடா, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிக்கிற? யல்லா, சீக்கிரம்," என்றார் பாய்.

எதிரே போனேன். ஹார்வி சார் சிரித்தபடி கோட்டை விரித்துக் காட்டினார்.

2. செத்துப்போன கான்ஸ்டபிள்

கோட்டுக்குள் வயரை விட்டு இழுக்கும் நேரத்தில் தன் கதையைச் சொல்வார். இங்கிலாந்தில் நாடகக் கம்பெனியில் திரை இழுத்தவர், டிவி தொடரில் கான்ஸ்டபிளாகப் பல வருஷம் நடித்திருக்கிறார். தொடரில் குண்டு வெடித்துக் கான்ஸ்டபிள் செத்துப்போனார். பிறகு பிள்ளைகளுக்கான வினாடி வினா, சமையல் நிகழ்ச்சி, கடைசியில் எங்கள் ஆங்கில நேரலை. மாலில் அவர் ஊர்க்காரர்கள் இன்னமும் சல்யூட் அடிப்பார்களாம். "செத்தவனுக்கு இவ்வளவு மரியாதையா!" என்பார்.

"அந்த வெடியில் நிஜமாகவே போனது இதுதான்," என்று ஒருநாள் இடது காதைத் தொட்டார். பிறகு உதட்டில் விரல் வைத்தார்.

3. இயர்பீஸ்

நேரலையில் புரொடியூசரின் குரல் இயர்பீஸில் வரும். கேமராவுக்குத் தெரியாதபடி அதை இடது காதில் மாட்டுவோம். வலது காதில் மாட்டினால் விருந்தினர் பேசுவது அவருக்குக் கேட்காது. பழைய புரொடியூசர் எல்லாவற்றையும் முன்பே பேப்பரில் கொடுத்துவிடுவார். புதிதாக வந்த புரொடியூசர் அம்மா நேரலையின் நடுவிலேயே இயர்பீஸில் சொல்லி மாற்றுவார். ஹார்வி சார் இரண்டு வாரமாக விளம்பர பிரேக்கைத் தவறவிட்டார்.

"இன்னிக்கும் விட்டாருன்னா கலாஸ், கதை முடிஞ்சுது. அடுத்த வாரம் வேற ஆளுன்னு அந்தம்மா சொல்லிடிச்சு," என்றார் பாய்.

மைக் குத்தும்போது ஹார்வி சாரிடம், "பிரேக், லுக் மீ சார்," என்றேன். நேரலை தொடங்கியதும் ஹெட்செட்டோடு கேமராவின் காலடியில் உட்கார்ந்தேன். புரொடியூசர் எண்ணத் தொடங்கினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். ஹார்வி சார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். கடைசி விரலில் பிரேக் எடுத்தார்.

"நீ ஏன்டா கேமரா காலடில குந்தியிருக்க?" என்றார் பாய்.

"கேபிள் மாட்டிக்கிச்சு பாய்."

"வாரா வாரம் மாட்டிக்கும்ல?"

"மாட்டிக்கும் பாய்."

"சரி. தலை ஃபிரேம்ல வராமப் பாத்துக்க."

4. கடைசி நாள்

அடுத்த வருஷம் அவராகவே ஓய்வு பெற்றார். ஒளிபரப்பு நின்ற பிறகுதான் மைக்கைக் கழற்றுவது வழக்கம். அன்று அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். நேரலையிலேயே மைக்கைக் கழற்றிக் கேமராவின் காலடியை நோக்கி நீட்டினார். வாங்காமல் இருக்க முடியவில்லை.

இரவு ஊரிலிருந்து மனைவி போனில், "டிவில தெரிஞ்சது உங்க கைதான? கைக்கடிகாரத்த வச்சுக் கண்டுபிடிச்சேன்," என்றாள்.

புதிதாக மைக் குத்த வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். பக்கத்தில் ஒதுங்கி நின்று கேட்காதீர்கள். எதிரே போய், உங்கள் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி நின்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.