பட்டுச்சேலையும் ஹெல்மெட்டும்

எங்கள் வீட்டில் பாம்பு என்றால் யாரும் ஓட மாட்டார்கள். என்ன பாம்பு என்று மட்டும் கேட்பார்கள். சாரை என்றால் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டியைத் தேய்ப்பார். மலைப்பாம்பு என்றால் கோழிகளை எண்ணப் போவார். நாகம் என்றால்தான் அத்தையைக் கூப்பிடுவார்.

புக்கிட் செலம்பாவில், செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. செம்பனைப் பழம் தின்ன எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், முட்டைக்கு உடும்பு வரும், எல்லோரும் போன பிறகு கோழிக்கூண்டை நோட்டம் பார்க்க மரநாய் வரும். மனிதர்கள்தாம் அதிகம் வரமாட்டார்கள். பள்ளியில் தோழிகள் தங்கள் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசும்போது, நான் எங்கள் கூரைமேல் வெயில் காய்ந்த மலைப்பாம்பைப் பற்றி எடுத்துவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமே இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குருணில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எங்கள் பக்கத்து நாகம் கண்ணைப் பார்த்து விஷம் துப்பும் சாதி என்பதால், மோட்டார் ஹெல்மெட்டை மாட்டி அதன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் அத்தை அதன் பக்கம் போவார். கையில் நீளமான பிளாஸ்டிக் குழாய், குழாயின் பின்பக்கம் ஒரு சாக்கு. மிரண்ட பாம்பு ஒளிந்துகொள்ள இருட்டான பொந்தைத் தேடும். குழாயைப் பொந்து என்று நம்பி நுழையும், நேராகச் சாக்குக்குள் போய்விடும். பின்னால் சாக்கின் வாயைக் குழாயோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அது எப்போதும் அப்பாதான். பிடித்ததை ஆற்றோரம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அத்தை குழாயை எடுத்தாலே எனக்குத் தீபாவளிதான்.

எனக்கு ஒன்பது வயதானபோது, அத்தையைப் பெண் பார்க்க பட்டர்வொர்த்திலிருந்து வருகிறார்கள் என்று சேதி வந்தது. மாப்பிள்ளை குளிர்சாதனம் பழுது பார்ப்பவர். பதினோராவது மாடியில் வீடு. அங்கே பல்லிகூட லிப்டில்தான் ஏறி வரவேண்டும் என்று அத்தை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. காட்டுக்குள் இருக்கிறார்கள் என்று சொல்லியே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன.

ஆகவே அப்பா முந்தின நாளே வேலையில் இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் மாதக்கணக்கில் குவிந்து கிடந்த செம்பனை மட்டைகளை வாரிக் கொளுத்தினார். முற்றத்தைப் பெருக்கினார். வாசலில் புதிதாக ஒரு செருப்பு அடுக்கு வாங்கி வைத்தார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"இங்க பாரு, பாம்புன்னு ஒரு வார்த்த ஒன் வாயிலேருந்து வரக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் விருந்தாளிகளிடம் சொல்வதற்கு வேறு என்னதான் இருந்தது என்னிடம்?

மறுநாள் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் காடியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கொசு கடித்தாலும் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் வாசற்படி ஓரமாக உட்கார்ந்து வாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். செருப்பு அடுக்கின் கீழ்த்தட்டில், மாப்பிள்ளையின் சப்பாத்துக்கும் அவர் அம்மாவின் தங்க நிற சிலிப்பருக்கும் நடுவில், கறுப்பாகச் சுருண்டிருந்தது. சாரை இல்லை. அந்தப் பளபளப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மட்டைக் குவியலுக்குள் குடியிருந்ததை அப்பா கொளுத்தி விரட்டிவிட்டார். அது அவர் வாங்கிய புது அடுக்கிலேயே குடி வந்துவிட்டது.

என் நெஞ்சு குதித்தது. பயத்தில் இல்லை, அதை யாரிடமும் சொல்ல முடியாத தவிப்பில். பலகாரத் தட்டோடு போன அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, வாசல்ல அது வந்துருக்கு."

"எது வந்தாலும் பேசாம உக்காரு," என்றார் அம்மா, சிரித்த முகம் மாறாமல்.

அப்பாவுக்குக் கண் காட்டினேன். அவர் பதிலுக்கு முறைத்தார். இதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, "ஹேன்பேக்க காடியிலயே வெச்சிட்டேன், எடுத்துட்டு வந்துர்றேன்," என்று வாசலுக்கு நடந்தார். வலது கால் சிலிப்பரை நோக்கி நீண்டது. அதற்கு மேல் வாக்காவது மண்ணாவது.

"பாம்பு! காலை எடுங்க ஆன்ட்டி, பாம்பு!"

அடுக்கிலிருந்து நாகம் படம் விரித்து எழுந்தது. அந்த அம்மாள் எப்படி அவ்வளவு தூரம் பின்னால் பறந்து சோபாமேல் ஏறினார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"இங்கல்லாம் பாம்பு வருமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இல்லிங்க, இதான் மொத தடவ," என்று அப்பா சொல்லி வாயை மூடவில்லை. அடுக்களைப் பக்கமிருந்து முன்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு அத்தை வந்து நின்றார். பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, தலையில் ஹெல்மெட், ஒரு கையில் விளக்குமாறு, மறு கையில் சாக்கு மாட்டிய குழாய். இதைவிடத் தெளிவாக அப்பாவை யாரும் பொய்யாக்கியிருக்க முடியாது.

"நீ உள்ள போ. போம்பாவக் கூப்பிட்டா தீயணைப்பு வண்டியில வந்து புடிச்சிட்டுப் போறாங்க," என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அவங்க வர்ற வரைக்கும் அது ஒக்காந்திருக்குமா, அண்ணே? வீட்டுக்குள்ள பூந்துரும் லா. சாக்கப் புடிக்க வாங்க."

அப்பா அசையவில்லை. தங்கையின் கல்யாணம் கண்ணெதிரே கலைந்துகொண்டிருக்க, அதற்குச் சாக்கு வேறு பிடிக்கவேண்டுமா என்று நினைத்திருப்பார். நான் பிடிக்கிறேன் என்று எழுந்தேன். அம்மா என் பின்னலை இழுத்து உட்காரவைத்தார்.

"நான் புடிக்கிறேன்," என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளை. அவர் அம்மா சோபாமேலிருந்து, "டேய், ஒனக்கு எதுக்குடா?" என்றார். அதற்குள் அவர், எங்கள் அப்பாவின் ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பின்கதவு வழியாகச் சுற்றி அத்தையிடம் போயிருந்தார். இருவரும் ஹெல்மெட் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சாக்கு வாய குழாயோட சேத்துப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"சரி."

அத்தை குழாயின் வாயைப் பாம்பின் முன்னால் வைத்து, விளக்குமாற்றால் லேசாகத் தட்டினார். சீறல். அத்தையின் ஹெல்மெட் கண்ணாடியில் சளக்கென்று இரண்டு கோடுகள் வழிந்தன. நான் கைதட்டிவிட்டேன். நாகம் தலையைத் தாழ்த்தியது, இப்படியும் அப்படியும் பார்த்தது, வழுக்கிக்கொண்டு குழாய்க்குள் நுழைந்தது. அடுத்த நொடி சாக்கு உயிர் வந்ததுபோல் துள்ளியது. மாப்பிள்ளையின் காலில் மோதியது. அவருடைய கைகள் நடுங்கின நடுக்கத்தில் குழாய் சிமெண்டுத் தரையில் கடகடவென்று தாளம் போட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பயந்தவரா நம் வீட்டு மாப்பிள்ளை?

அத்தை குழாயை உருவி, சாக்கைத் திருகிக் கட்டினார். "விடலாம்," என்றார். அவர் விடவில்லை. "விடலாங்க." ஹெல்மெட்டுக்குள் அவருக்குக் காதே கேட்கவில்லை. கடைசியில் அத்தை அவர் ஹெல்மெட்டை விரலால் தட்டினார். அப்போதுதான் விட்டார்.

போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மகனோடு கிளம்பினார். சிலிப்பரைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போன் வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா புதுச் செருப்பு அடுக்கையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மாலையில் போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையேதான். அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டாராம். அத்தை யோசிக்கக்கூட இல்லை, சரி என்று சொல்லச் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. அறைக்குள் போய், பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் சண்டைக்கு நின்றேன். போன வருஷம் கோலா கெத்திலிலிருந்து பார்க்க வந்தவர், போகும் வழியில் ஒரு சாரையை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டாரே, எப்பேர்ப்பட்ட வீரர். அவரை வேண்டாம் என்றுவிட்டு இவரையா?

"இவருக்குக் கை நடுங்குச்சு அத்த. நான் பாத்தேன்."

"ஆமா பாப்பா. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் நடுங்கிட்டேதான் புடிச்சிருந்தாரு," என்றார் அத்தை. சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

பாம்பையே பிடிக்கிற அத்தைக்கு, ஒரு கோழையைப் பார்த்தால் தெரியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிரவு நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.