அடுப்பை அவரிடம் விட்ட காலை

இரண்டாம் உலக யுத்தக் காலம். கொட்டாஞ்சேனையில் பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்று, ஐந்து பிள்ளைகளுக்கும் நான்தான் சமைப்பேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் கணவரோ தினமும் காலையில் அரை மணி நேரம் வேதாகமத்தோடு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கேட்டார். “நீர் ஏன் தனியா ஜெபம் செய்யிறேல்லை?”

“நேரமில்லையெண்டு எத்தனை தரம் சொல்லிட்டன்! இந்தாங்கோ அகப்பை. சோத்தையும் பிள்ளையளையும் நீங்கள் பாருங்கோ. நான் ஜெபிக்கப் போறன்!”

அறைக் கதவைச் சாத்தி முழந்தாளிட்டேன். ஒரு துதியும் வரவில்லை. வரிசை, புகை, அவருடைய கேள்வி என்று எல்லாவற்றையும் சொல்லி ஆண்டவரைத் திட்டித் தீர்த்தேன்.

வெளியே வந்தால் சோறு கரிந்திருந்தது.

“இனிக் காலமை அடுப்பை நான் மூட்டுறன். நீர் முதல்ல ஜெபியும்,” என்றார்.

கரிந்ததை எல்லோரும் தின்றோம்.

நேரமில்லை என்று அதுவரை நான் சொன்னது பொய்யல்ல. அதை ஆண்டவரிடமே சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.